நிறுவன இணைப்பும் மனித மனங்களும்

நுழையும்முன்

முன்னர் அலகாபாத் எனப்பட்ட பிரயாக்ராஜ் நகரின் அருகே கங்கையும் யமுனையும் கலக்கின்றன. கலந்த பின்னரும் சிறிது தொலைவுவரை இரு நீரின் நிறமும் தனித்தனியே தெரியும். இரு நிறுவனங்கள் இணையும்போதும் அவ்வாறே நிகழ்கிறது. ஒப்பந்தத்தில் ஒரே நாளில் கையொப்பமிட்டுவிடலாம். மனங்கள் ஒன்றாவதற்குக் காலம் வேண்டும். அக்காலத்தை நெறிப்படுத்தும் கலையே மாற்ற மேலாண்மை. அதனை நம் நாட்டு வங்கிகள் இரண்டின் வரலாற்றின்வழி இப்பாடம் விளக்குகிறது.

இணைப்பும் கையகப்படுத்தலும்

இரு நிறுவனங்கள் சேர்ந்து ஒரே நிறுவனமாவது இணைப்பு. ஒரு நிறுவனம் மற்றொன்றின் உரிமையை விலைகொடுத்துப் பெறுவது கையகப்படுத்தல். மூலதனத்தைப் பெருக்குதல், செலவைக் குறைத்தல், புதிய சந்தைகளை அடைதல் ஆகியன இவற்றின் நோக்கங்கள். நோக்கம் சிறந்ததாக இருந்தும் தோல்வியுற்ற இணைப்புகள் உண்டு. ஜெர்மனியின் டெய்ம்லர் பென்ஸ் நிறுவனமும் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனமும் 1998ஆம் ஆண்டு சமநிலை இணைப்பு என்னும் அறிவிப்போடு ஒன்றுசேர்ந்தன. இரண்டும் கார் தயாரிப்பில் தேர்ந்தவை. ஆயினும் முடிவெடுக்கும் முறை, ஊதிய அமைப்பு, பணிப் பண்பாடு ஆகியவற்றில் அவை வேறுபட்டே நின்றன. 2007இல் கிரைஸ்லரின் பெரும்பான்மைப் பங்குகள் விற்கப்பட்டு, அவ்விணைப்பு முடிவுக்கு வந்தது.

இரு வங்கிகள், இரு வரலாறுகள்

1906ஆம் ஆண்டு சென்னையில் ஆர்பத்நாட் என்னும் ஆங்கிலேய நிறுவனம் திவாலானது. அதில் பணம் போட்டிருந்தோர் பலர் தம் சேமிப்பை இழந்தனர். மக்களின் பணத்தைக் காக்க நம்மவரே நடத்தும் வங்கி வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. வழக்குரைஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் 1907இல் இந்தியன் வங்கி தோன்றியது.

அலகாபாத் வங்கியோ அதனினும் மூத்தது, 1865இல் தொடங்கப்பெற்றது. பின்னர் அதன் தலைமையகம் கல்கத்தாவுக்கு மாறியது. இவ்விரு வங்கிகளும் 1969இல் நாட்டுடைமையாக்கப்பட்டன. பத்துப் பொதுத்துறை வங்கிகளை நான்காக ஒருங்கிணைக்கும் திட்டத்தை 2019 ஆகஸ்ட் 30 அன்று நடுவண் அரசு அறிவித்தது. அதன்படி அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியுடன் 2020 ஏப்ரல் 1 அன்று இணைந்தது. கிளைகளின் எண்ணிக்கையிலும் பணியாளர் எண்ணிக்கையிலும் அலகாபாத் வங்கியே பெரியது. ஆகவே, பெயரை இழந்தோர் சிறுபான்மையினர் அல்லர்.

அச்சமும் ஐயமும்

மாற்றம் வருகிறது என்றதும் பணியாளர் உள்ளத்தில் முதலில் எழுவன வினாக்களே. வேலை நிலைக்குமா? பதவி உயர்வுக்கான மூப்பு எவ்வாறு கணக்கிடப்படும்? அடுத்தடுத்த கட்டடங்களில் இருந்த இரு கிளைகளுள் எது மூடப்படும்? தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த வங்கியின் பெயர் என்னாகும்? இவ்வினாக்களுக்கு விடை கிடைக்காதபோது வதந்தி அவ்விடத்தை நிரப்புகிறது. வங்கி இணைப்புகளை எதிர்த்து ஊழியர் சங்கங்கள் 2019 அக்டோபரில் ஒருநாள் வேலைநிறுத்தம் செய்தன. பணியாளர் எவரும் நீக்கப்படமாட்டார் என அரசு உறுதியளித்தது.

எதிர்ப்பைப் பகையாகக் கருதுவது தவறு. பணியாளர் எதனை இழக்க அஞ்சுகின்றனர் என்பதை எதிர்ப்பே நிருவாகத்துக்கு உணர்த்துகிறது. அதனைச் செவிமடுத்து, அறிந்ததை உடனே கூறி, அறியாததை அறியாதது என்றே ஒப்புக்கொள்ளும் தலைமையைப் பணியாளர் நம்புவர்.

படிப்படியான மாற்றம்

இணைப்பு நாளுக்கு ஒரு வாரம் முன்பு, கொரோனா நோய்த்தொற்றால் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. அந்நெருக்கடியிலும் 6,100க்கும் மேற்பட்ட கிளைகளைக் கொண்ட ஒரே வங்கி உருவானது. எனினும், எல்லாம் ஒரே நாளில் மாற்றப்படவில்லை. இரு வங்கிகளும் ஒரே மென்பொருளைப் பயன்படுத்தி வந்தமை பணியை எளிதாக்கியது. அவ்வாறிருந்தும், கணினி அமைப்புகளின் ஒருங்கிணைப்பு 2021 பிப்ரவரியில்தான் நிறைவுற்றது. அலகாபாத் வங்கியின் பழைய காசோலைகள் 2021 அக்டோபர் 1 முதலே செல்லாதவையாயின. வாடிக்கையாளர் பழகிக்கொள்ள ஒன்றரை ஆண்டுக்காலம் கிடைத்தது.

ஓய்வூதியம் பெறும் முதியவர் ஒருவருக்கு வங்கி என்பது பல்லாண்டுகளாகக் கண்ட பெயர்ப்பலகையும் பழகிய முகமுமே. பலகை மாறிய நாளில், தம் பணம் பாதுகாப்பாக இருக்கிறதா என அவர் கேட்பார். விடைகூற வேண்டியவர், தாமே புதிய முறையைக் கற்றுக்கொண்டிருக்கும் பணியாளர். அவரது ஐயம் தீர்ந்தாலன்றி முதியவரின் ஐயம் தீராது. பணியாளருக்கு முதலில் பயிற்சி அளிக்க வேண்டியதன் காரணம் இதுவே.

பெயரும் மதிப்பும்

இணைப்புக்குப் பின் இந்தியன் வங்கியின் சின்னத்தில் அதன் பெயருக்குக் கீழே அலகாபாத் என்னும் பெயரும் இடம்பெற்றது. சிறு எழுத்துகளால் ஆனதாயினும், நூற்றைம்பது ஆண்டு உழைப்பு மறக்கப்படவில்லை என்பதை அது அறிவித்தது. வென்றவர், தோற்றவர் என்னும் பிரிவு நிலைக்கும் இடத்தில் கூட்டுழைப்பு வளராது. இரு தரப்பின் நல்ல நடைமுறைகளையும் ஆராய்ந்து, சிறந்ததைப் பொதுவாக்குவதே முறை.

சொத்தும் கடனும் கணக்கேட்டில் இணைகின்றன. நம்பிக்கையோ அன்றாட நடத்தையில் இணைகிறது. கணக்கேட்டில் வராத அந்நம்பிக்கையைப் பேணுவதே மாற்ற மேலாண்மையின் முதற்கடமை.

தெரிந்து தெளிவோம்

இந்தியன் வங்கி இணைப்பில், அலகாபாத் வங்கியின் 1,000 பங்குகளுக்கு ஈடாக இந்தியன் வங்கியின் 115 பங்குகள் வழங்கப்பட்டன. இது பங்கு மாற்று விகிதம் எனப்படும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் வேறு வங்கியுடன் இணைந்த கிளை ஒன்றின் பணியாளரையும் வாடிக்கையாளரையும் கண்டு, அவர்கள் எதிர்கொண்ட மாற்றங்களைத் தொகுத்து எழுதுக.

2. இரு பள்ளிகள் ஒன்றாக இணைக்கப்படுவதாகக் கொண்டு, மாணவர்களின் ஐயங்களைப் போக்கும் அறிவிப்பு ஒன்றினை உருவாக்குக.