தூவல் கருவியில் நீரின் வேகம் குறைந்தால்

ஊவா மாகாணத்துக்குப் பெருமழையைக் கொடுப்பது வடகீழ்ப் பருவக்காற்றாகும். ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் எல்ல, பண்டாரவளைப் பக்கங்களில் வறண்ட காற்று வீசும்போது, மரக்கறிப் பாத்திகளும் வீட்டுப் புற்றரைகளும் மலை ஊற்றையே நம்பி நிற்கின்றன. தூவல் கருவி சுழலவில்லை, நீர் காலடியிலேயே விழுகின்றது என்ற முறைப்பாடும் அக்காலத்திலேதான் மிகுதி. உடனே சிலர் நீரிறைக்கும் இயந்திரம் வாங்குகின்றனர். வேறு சிலர் ஊற்றிலே பெரிய குழாயைப் பதிக்கின்றனர். பின்னையது பெருந்தவறு. மேலே ஒருவர் பெரிய குழாய் வைத்தால், கீழேயுள்ள லயங்களின் பீலி வற்றிவிடும். ஆதலால் குற்றம் ஊற்றிலா குழாயிலா என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள்.

மலையிலிருந்து இறங்கும் நீரின் அமுக்கம் உயரத்தினால் வருவது. ஏறக்குறைய 2.3 அடி உயரத்துக்குச் சதுர அங்குலத்துக்கு 1 இறாத்தல் அமுக்கம் கிடைக்கும். குழாயின் நீளத்தை அளந்து பயனில்லை. செங்குத்து உயரமே கணக்கு. தெளிந்த நெகிழ்குழாயில் நீர்மட்டம் பிடித்து, படிக்கட்டு வயல்களின் உயரங்களை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொள்ளலாம். சிறிய தூவல் கருவி நன்றாகச் சுழல 30 இறாத்தல் அளவு வேண்டும்; அஃதாவது 70 அடி உயரம். உங்கள் ஊற்று 40 அடி உயரத்திலேதான் உள்ளதெனில், குழாயைப் பழுதுபார்த்து ஆவது ஒன்றுமில்லை. குறைந்த அமுக்கத்தில் இயங்கும் கருவியையே தேடுக.

உயரம் 80 அடி என்று வைத்துக்கொள்வோம். தோட்டத்திலுள்ள வால்வுகள் எல்லாவற்றையும் மூடி, குழாய் நிறையும்வரை பொறுத்து, அமுக்கமானியைப் பாருங்கள். 35 இறாத்தல் காட்டவேண்டும். அதிலும் குறைவாயின் எங்கோ நீர் கசிகின்றது, அல்லது குழாயின் மேட்டு வளைவில் காற்று அடைபட்டுள்ளது. மேட்டின் உச்சியிலே சிறு வால்வு ஒன்று பொருத்தி, காற்று சீறி அடங்கும்வரை திறந்துவிட்டால் போதும். மூடியபோது 35 காட்டி, திறந்தவுடன் 10க்கு இறங்கினால், ஒரு கருவியை மட்டும் திறந்து பாருங்கள். அது நன்றாகச் சுழன்றால், நீங்கள் பூட்டிய கருவிகள் அளவுக்கு மிஞ்சியவை. அதுவும் தள்ளாடினால், வழியிலே அடைப்பு இருக்கவேண்டும். அல்லது குழாய் ஒடுங்கியது. அதே அளவு நீரை 1 அங்குலக் குழாய்க்குப் பதிலாக அரை அங்குலக் குழாயில் ஓட்டினால், உராய்வினால் இழக்கும் அமுக்கம் ஏறக்குறைய 30 மடங்காகும்.

எல்லவுக்குக் கீழே ஒரு தோட்டத்தில், புதிய இயந்திரம் வாங்கிய பின்னரும் கருவி சுழலவில்லை என்று என்னை அழைத்தனர். ஊற்றிலுள்ள வடிகூடையைத் தூக்கினோம். சருகும் புல்வேரும் பாய்போல் பின்னிக் கிடந்தன. அதைக் கழுவியதோடு வேலை முடிந்தது. இயந்திரம் கொட்டிலில் இருக்கின்றது.

ஊற்றின் அளவை அறிவதற்கு 10 லீற்றர் வாளி போதும். வாளி 20 விநாடியில் நிறைந்தால், நிமிடத்துக்கு 30 லீற்றர் கிடைக்கின்றது. எட்டிலொரு அங்குலத் துளையுள்ள கருவி, 30 இறாத்தல் அமுக்கத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 9 லீற்றர் கேட்கும். ஆகவே மூன்று கருவிகளுக்குத்தான் நீர் உண்டு. ஆறு கருவிகள் இருப்பின் மும்மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு அதிகாலையிலும் மறுபிரிவுக்கு மாலையில் காற்று அடங்கியபின்னும் பாய்ச்சலாம். ஆணியை நுழைத்துத் துளையைப் பெருப்பிக்கும் வழக்கத்தை மட்டும் கைவிடுங்கள். துளையின் விட்டம் இரட்டித்தால் கருவி நான்கு மடங்கு நீர் கேட்கும். இருக்கும் அமுக்கமும் போய்விடும். மணலால் தேய்ந்த துளைக்கும் இதே கதிதான். அதை மாற்றுவதற்கு ஆகும் செலவு சிறிது.

வாளிக் கணக்கை மாதந்தோறும் குறித்துவைப்பது மிக அவசியம். 2014 டிசம்பரில் உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கப்பாதையினுள் நீர் பீறிட்டதையடுத்து, பண்டாரவளைப் பகுதியில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீடுகள் வெடித்தன. அத்தகைய வேளையில், முன்னர் எவ்வளவு நீர் வந்தது என்பதற்கு எழுத்திலுள்ள கணக்கே சாட்சி சொல்லும். கோடையில் இயல்பாகக் குறைவது எவ்வளவு, அதற்கு மேற்பட்டது எவ்வளவு என்பதும் அதிலேதான் தெரியும்.

கொப்பியிலே திகதி, வாளி நிறைந்த விநாடி, மூடியபோதும் திறந்தபோதும் அமுக்கமானி காட்டிய எண்கள் ஆகிய நான்கையும் எழுதுங்கள். ஊற்றிலே அளக்கும்போது கீழ்வீட்டாரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்; பீலிக்கு வேண்டிய நீரைக் கழித்து மிஞ்சுவதையே தோட்டத்தின் பங்காகக் கணக்கிடுங்கள்.