இரசாயனப் பெயரைப் பிரித்துப் படிப்போம்



க.பொ.த. சாதாரண தர விஞ்ஞானத்தில் இரசாயனப் பகுதி என்றதும் பலர் பெயர்களைப் பார்த்தே பயப்படுகிறார்கள். நான் கலைப் பட்டதாரி. சாதாரண தரத்தில் நானும் அப்படித்தான் மனப்பாடம் செய்தேன். பரீட்சை மண்டபத்தில் ‘ஓர்’ எது, ‘ஈர்’ எது என்று தடுமாறிப் புள்ளி இழந்தேன். தமிழ் இலக்கணம் படிப்பித்தபோதுதான் அந்தப் பெயர்களின் அமைப்பு எனக்குப் புரிந்தது.

தமிழில் இரசாயனம் படிப்பது நமக்குப் புதிதல்ல. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். அவரது முயற்சியில் ‘கெமிஸ்தம்’ என்ற இரசாயன நூல் 1875 இல் தமிழில் வெளிவந்தது.

1. எண்ணைக் கவனியுங்கள்

காபனோரொட்சைட்டு = காபன் + ஓர் + ஒட்சைட்டு
காபனீரொட்சைட்டு = காபன் + ஈர் + ஒட்சைட்டு

ஓர் என்றால் ஒன்று. ஈர் என்றால் இரண்டு. முதலாவதின் மூலக்கூறில் ஓர் ஒட்சிசன் அணு, இரண்டாவதில் இரண்டு. இவ்வேறுபாடு புள்ளிக்கு மட்டும் உரியதல்ல. காபனீரொட்சைட்டு நாம் வெளிவிடும் மூச்சில் உள்ளது. காபனோரொட்சைட்டோ குறை தகனத்தில் உண்டாகும் நச்சு வாயு. அது குருதியின் ஈமோகுளோபினுடன் சேர்ந்து, ஒட்சிசன் கடத்தப்படுவதைத் தடுக்கும். அதற்கு நிறமோ மணமோ இல்லை. ஆகவே மூடிய அறையில் மின்பிறப்பாக்கியை இயக்கவோ கரி எரிக்கவோ கூடாது.

2. விகுதியைக் கவனியுங்கள்

‘ஐட்டு’ என முடியும் பெயர் பெரும்பாலும் இரு மூலகங்களாலான சேர்வையைக் குறிக்கும். (ஐதரொட்சைட்டு இதற்கு விலக்கு.) ‘ஏற்று’ என முடிந்தால் ஒட்சிசனும் உண்டு. கல்சியம் காபனேற்றில் கல்சியம், காபன், ஒட்சிசன் ஆகிய மூன்றும் உள்ளன.

3. நம் ஊர்ச் சுண்ணக்கல்லில் பார்ப்போம்

குடாநாட்டு நிலத்தின் அடியில் இருப்பது சுண்ணக்கல். அதன் பிரதான சேர்வை கல்சியம் காபனேற்று. சூளையில் வன்மையாக வெப்பமேற்றினால்:

கல்சியம் காபனேற்று → கல்சியம் ஒட்சைட்டு + காபனீரொட்சைட்டு

கிடைப்பது நீறாத சுண்ணாம்பு. நீர் சேர்த்தால் கொதித்து நீறும்:

கல்சியம் ஒட்சைட்டு + நீர் → கல்சியம் ஐதரொட்சைட்டு

இதன் தெளிந்த கரைசலே சுண்ணாம்பு நீர். அதனுள் காபனீரொட்சைட்டைச் செலுத்தினால் பால் நிறமாகும். காரணம், நீரில் கரையாத கல்சியம் காபனேற்று மீண்டும் உண்டாவதே. தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டோம். மூன்று தாக்கங்களைத் தனித்தனியே பாடமாக்காமல் ஒரு சங்கிலியாக நினைவில் வையுங்கள்.

4. ஒரு எச்சரிக்கை

தமிழ்நாட்டு நூல்களில் தனிமம், சேர்மம், எலக்ட்ரான் என்று இருக்கும். நம் பாடநூலில் அவை முறையே மூலகம், சேர்வை, இலத்திரன். வாசிக்கலாம், விடைத்தாளில் நம் பாடநூற் சொற்களையே எழுதுங்கள்.

பயிற்சி

1. சல்பர் மூவொட்சைட்டு மூலக்கூறில் எத்தனை ஒட்சிசன் அணுக்கள்?
2. கறியுப்பு சோடியம் குளோரைட்டு ஆகும். அதில் ஒட்சிசன் உண்டா?
3. செப்பு சல்பேற்றில் உள்ள மூலகங்கள் எவை?

விடைகள்: (1) 3 (2) இல்லை (3) செம்பு, சல்பர், ஒட்சிசன்

இன்றே பாடநூலில் பத்துச் சேர்வைகளின் பெயரைப் பிரித்து எழுதிப் பாருங்கள். வலுவளவையும் சேர்த்துப் படித்தால் சூத்திரம் எழுதுவது இலகுவாகும்.