பழைய டிராக்டரின் ஸ்டியரிங் பெட்டி: எண்ணெய்க் கசிவைச் சரிசெய்யும் முறை

பழைய டிராக்டர் வைத்திருக்கும் உழவர்கள் என்ஜின் எண்ணெயைத் தவறாமல் மாற்றுகின்றனர். ஸ்டியரிங் பெட்டியை மறந்துவிடுகின்றனர். அதில் எண்ணெய் கசிந்தால், கெட்டியான கிரீஸை அடைத்துவிடுவோரும் உண்டு. கசிவு நின்றதுபோல் தோன்றும். ஆனால் கேடு அங்கேதான் தொடங்குகிறது.

கிரீஸ் ஏன் கூடாது?

கியர் பற்கள் ஒதுக்கிய எண்ணெய் மீண்டும் ஓடிவந்து அவற்றை நனைக்கும். கெட்டி கிரீஸோ ஒதுங்கிய இடத்திலேயே நின்றுவிடும். பற்களும் பேரிங்குகளும் உலர்ந்து தேயும். ஸ்டியரிங்கில் ஆட்டம் கூடும். இடையுழவின்போது பயிர் வரிசை அழியும். வாய்க்கால் கரையில் வண்டி ஓட்டுகையில் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

சீல் மாற்றும் முறை

1. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்கவும். பெட்டியின் வெளிப்புறத்தைத் துடைக்கவும்.

2. ஸ்டியரிங் கையைக் கழற்றுமுன் கையிலும் தண்டிலும் அடையாளம் இடவும். 1946 முதல் 1956 வரை வெளிவந்த பெர்குசன் டி.இ.20 டிராக்டரில் இருபுறமும் ஒவ்வொரு கை உண்டு. இரண்டிலும் அடையாளம் தேவை. சுத்தியலால் அடிக்காமல் புல்லர் கொண்டு கழற்றவும்.

3. எண்ணெயை வடிக்கவும். அது பால் கலந்த தேநீர்போல் இருந்தால் தண்ணீர் புகுந்துள்ளது என அறியலாம். பெட்டியை டீசலால் கழுவி, முற்றிலும் வடியவிடவும்.

4. தண்டை மேலும் கீழும் அசைத்துப் பார்க்கவும். ஆடினால் புஷ் தேய்ந்துள்ளது. அதை மாற்றாமல் சீலை மட்டும் மாற்றிப் பயனில்லை. தண்டில் நகம் தட்டுமளவு பள்ளம் இருந்தாலும் புதிய சீல் நிற்காது. பட்டறையில் தண்டைச் சரிசெய்யவும்.

5. சீலின் ஸ்பிரிங் உள்ள பக்கம் எண்ணெயை நோக்கி இருக்கவேண்டும். உதட்டில் எண்ணெய் தடவி, தண்டின் பற்கள்மேல் மெல்லிய நாடா சுற்றி, சீலைக் கோணாமல் இறக்கவும். பின் நாடாவை எடுத்துவிடவும்.

6. அடையாளப்படி கையைப் பொருத்தி நட்டை இறுக்கவும். கையேட்டில் கூறிய கியர் எண்ணெயை அளவுத் துளை மட்டம்வரை ஊற்றவும். முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, உறுதியான தாங்கிமேல் நிறுத்தி, ஸ்டியரிங்கை இருபுறமும் முழுதாகத் திருப்பவும். வண்டியை இறக்கியபின் மட்டத்தை மீண்டும் பார்க்கவும்.

மூடியில் காற்றுத் துளை இருந்தால் அதை அடைபடாமல் வைக்கவும். அடைபட்டால், சூடேறும்போது உள் அழுத்தம் கூடி எண்ணெய் சீல் வழியே வெளியேறும்.

சேற்றுழவுக்கு முன்னும் பின்னும் எண்ணெய் மட்டத்தைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். சில நிமிட வேலை; பெரும் செலவையும் விபத்தையும் தவிர்க்கும்.