ஆஸ்பத்திரிக் கணக்கை நாமும் பார்க்கலாம்

பொங்கல் விழாப் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த நண்பர் கேட்டார்: "அரசாங்க ஆஸ்பத்திரியைப் பற்றி நமக்கென்ன சார்? நாம்தான் ரயில்வே ஆஸ்பத்திரி, நர்ஸிங் ஹோம் என்று போய்விடுகிறோமே?" எல்லோரும் அப்படிப் போவதில்லை. நம் சங்கத்துக்கு வருகிறவர்களிலேயே இட்லிக் கடை வைத்திருப்பவர்கள், சமையல் வேலைக்கு வந்தவர்கள், கட்டட வேலைக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் போவது அரசு ஆஸ்பத்திரிக்குத்தான். அதை நிர்வகிக்கும் குழுவை நம்மைப் போன்ற சாதாரண ஜனங்கள் கண்காணிக்க முடியுமா என்பதை என் அனுபவத்தோடு சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1994 செப்டம்பரில் சூரத்தில் பிளேக் பரவியது வாசகர்களில் பலருக்கு நினைவிருக்கும். நான் அப்போது ரத்லம் டிவிஷனில் பி.டபிள்யூ.ஐ. ஆக இருந்தேன். சூரத்திலிருந்து வந்த வண்டிகளில் ஜனங்கள் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு இறங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது. எலி என்றாலே பயந்த காலம். இந்தூரில் உள்ள பெரிய அரசு மருத்துவமனையான மகாராஜா யஷ்வந்த்ராவ் ஆஸ்பத்திரியோ எலிகளின் கோட்டையாக இருந்தது. அன்றைய கலெக்டர் எஸ்.ஆர். மொஹந்தி நோயாளிகளை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, கட்டடத்தைக் காலி செய்து, எலிகளை ஒழித்து, சுத்தம் செய்து மறுபடி திறந்தார். ஊர் மக்கள் நன்கொடை கொடுத்தார்கள்.

சுத்தம் செய்வது பெரிய காரியமில்லை. சுத்தமாக வைத்திருப்பதுதான் பெரிய காரியம். லைனைப் புதுப்பித்த பிறகு கேங்மேன் தினமும் நடந்து பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்று ரயில்வேக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதற்காக 1995-இல் அங்கே ஏற்பட்ட அமைப்புதான் 'ரோகி கல்யாண் சமிதி'. கல்யாணம் என்றதும் மேளதாளம் என்று எண்ண வேண்டாம். இந்தியில் கல்யாண் என்றால் நலம். தமிழ்நாட்டில் இதே அமைப்பு நோயாளர் நலச் சங்கம் என்ற பெயரில் இருக்கிறது.

இதில் புதுமை என்ன? அதுவரை ஆஸ்பத்திரியில் வசூலாகும் சீட்டுப் பணம், எக்ஸ்ரே பணம் எல்லாம் கஜானாவுக்குப் போய்விடும். நம் ஸ்டேஷனில் வசூலாகும் டிக்கெட் பணத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு பல்பு வாங்க முடியாதல்லவா, அதே கதைதான். சமிதி, சங்கப் பதிவுச் சட்டப்படி பதிவான தனி அமைப்பு. வசூலும் நன்கொடையும் அதன் வங்கிக் கணக்கிலேயே இருக்கும். அந்த ஆஸ்பத்திரிக்கே செலவாகும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் கிடையாது. மக்கள் பிரதிநிதிகள், கலெக்டர் அல்லது அவர் தரப்பு அதிகாரி, டாக்டர்கள், உள்ளூர்ப் பிரமுகர்கள், நன்கொடையாளர்கள் இதில் உறுப்பினர்கள். இந்தூரில் தொடங்கியது மத்தியப் பிரதேசம் முழுவதும் பரவியது. 2005 ஏப்ரலில் தேசிய ஊரக சுகாதார இயக்கம் வந்தபோது நாடெங்கும் ஏற்பட்டது. அப்போது இந்தச் சமிதிகளுக்கு மத்திய அரசு ஒதுக்கியது ஆண்டுக்கு மாவட்ட ஆஸ்பத்திரிக்கு 5 லட்சம் ரூபாய், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 1 லட்சம்.

ஆக, பணம் இருக்கிறது, குழு இருக்கிறது, குழுவில் ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள். குழுவை யார் பார்ப்பது? இந்தக் கேள்வி எனக்கு வந்தது புத்தகம் படித்து அல்ல.

இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் தெருவில் பலகாரம் போட்டு விற்கும் அம்மாள் ஒருவர் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. நம் பக்கத்து மனுஷி, இந்தி சரியாக வராது, துணைக்குப் போனேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். வாசலில் ஸ்ட்ரெச்சர் இருந்தது, ஒரு சக்கரம் இல்லை. அவர் பிள்ளையும் நானும் ஒரு பெஞ்சுப் பலகையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். அந்த அம்மாள் வலியில் ஒவ்வொரு படிக்கும் "முருகா, முருகா" என்று முனகினார். எக்ஸ்ரேக்கு ரசீது போட்டார்கள். ரசீதின் தலையில் ரோகி கல்யாண் சமிதி என்று அச்சடித்திருந்தது. "இந்தச் சமிதி ஆபீஸ் எங்கே?" என்று குமாஸ்தாவைக் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "எந்தச் சமிதி, சாஹப்?" என்றார். அவர் கையில் இருந்த ரசீதுப் புத்தகத்தின் பெயரே அவருக்குத் தெரியவில்லை!

வீட்டுக்கு வந்து தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் மனு எழுதினேன். வாசகர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. மனு ஆஸ்பத்திரியின் பொதுத் தகவல் அதிகாரி பெயருக்குப் போக வேண்டும். கட்டணம் பத்து ரூபாய். அதைக் கட்டும் முறை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல் அதிகாரியிடம் 30 நாளுக்குள் முறையீடு செய்யலாம். தகுந்த காரணமில்லாமல் தாமதித்த அதிகாரிக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை தகவல் ஆணையம் அபராதம் போட முடியும்.

என்ன கேட்பது என்பதில்தான் சூட்சுமம். "ஆஸ்பத்திரி ஏன் இப்படி இருக்கிறது?" என்று கேட்டால் பதில் வராது, அது தகவல் அல்ல, அபிப்பிராயம். காகிதத்தைக் கேட்க வேண்டும். நான் கேட்டது: உறுப்பினர் பட்டியல், இரண்டு வருஷக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பேடு, வரவு செலவுப் பதிவேடு, பத்தாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட பில்கள், தணிக்கை அறிக்கை. நகல் கேட்பதோடு நிற்காமல், நேரில் பார்வையிடவும் அனுமதி கேட்டேன். சட்டத்தின் 2(ஜெ) பிரிவு ஆவணங்களை மட்டுமல்ல, வேலைகளையும் நேரில் பார்க்க உரிமை தருகிறது. என்ஜினீயருக்கு இதைவிட என்ன வேண்டும்?

27-ஆம் நாள் பதில் வந்தது. போய் உட்கார்ந்தேன். இரண்டு வருஷத்தில் நடந்த கூட்டங்கள் இரண்டு. குறிப்பேட்டில் இரண்டு கூட்டமும் ஒரே மை, ஒரே கையெழுத்து, ஒரே மூச்சில் எழுதிய தோற்றம். எம்.பி. புத்தகத்தை பில் பாஸாகும் தினத்தன்று மொத்தமாக நிரப்பும் சப்-ஓவர்சியர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால் உடனே அடையாளம் தெரிந்தது. செலவில் அதிகாரி அறைக்கு ஏ.சி., வரவேற்பறைக்கு சோபா. அடுத்த பக்கத்தில், "ஸ்ட்ரெச்சர் பழுது பார்த்தல், 14 எண்ணிக்கை."

நோட்டுப் புத்தகத்தோடு வார்டு வார்டாக நடந்தேன். இருந்த ஸ்ட்ரெச்சர்களே மொத்தம் 9. அதில் நான்கு சக்கரமும் ஓடியவை 5. பில்லின் நகலையும், நான் எண்ணிய பட்டியலையும், தேதியோடும் நேரத்தோடும் வைத்து சமிதித் தலைவருக்கு அனுப்பினேன். யார்மீதும் குற்றம் சொல்லவில்லை. "எண்ணிக்கை பொருந்தவில்லை, விளக்கம் தேவை" என்று மட்டும் எழுதினேன். மூன்று மாதத்தில் சமிதி கூடியது. சக்கரங்கள் வந்தன. யாருக்கும் தண்டனை கிடைத்ததாகத் தெரியவில்லை. அந்த அம்மாள் இப்போது கைத்தடியோடு நடக்கிறார். பலகாரக் கடையைப் பிள்ளை பார்த்துக்கொள்கிறான்.

தனி ஆளாக நான் செய்ததை மகாராஷ்டிரத்தில் ஊரே சேர்ந்து செய்கிறது. 2007-இல் மத்திய அரசு, தமிழ்நாடு உட்பட 9 மாநிலங்களில் மக்கள் கண்காணிப்பு என்ற திட்டத்தைச் சோதனையாகத் தொடங்கியது. கிராமத்துப் பெண்கள், பஞ்சாயத்து உறுப்பினர்கள், தொண்டு நிறுவனத்தார் சேர்ந்து சுகாதார சேவைகளுக்கு மதிப்பெண் போட்டார்கள்: நன்றாக இருந்தால் பச்சை, சுமாராக இருந்தால் மஞ்சள், மோசமென்றால் சிவப்பு. நம் சிக்னல்தான்! எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். மகாராஷ்டிரத்தில் புனே, தானே, அமராவதி, நந்துர்பார், உஸ்மானாபாத் ஆகிய 5 மாவட்டங்களில் தொடங்கினார்கள். அதன் முக்கிய அம்சம் 'ஜன் சுன்வாய்', அதாவது பொது விசாரணைக் கூட்டம். டாக்டரும் அதிகாரியும் மேடையில் இருக்க, நோயாளி எழுந்து, "மருந்து இல்லை என்று என்னிடம் எழுதிக் கொடுத்தீர்கள், இதோ சீட்டு" என்று சொல்லலாம். பதிலும் எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். என் மனுவைவிட இது பத்து மடங்கு பலமானது என்பது என் அபிப்பிராயம். காகிதத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடலாம், ஐந்நூறு பேரைப் பூட்ட முடியாது.

இவ்வளவு சிரமப்பட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு, இந்தூருக்கே திரும்பிப் போவோம். எலியை விரட்டிப் பெயர் வாங்கிய அதே ஆஸ்பத்திரியில், 2025 ஆகஸ்ட் கடைசியில், பச்சைக் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு சிசுக்களை எலி கடித்தது. இரண்டும் இறந்துவிட்டன. மரணத்துக்குக் காரணம் குழந்தைகளுக்கு ஏற்கெனவே இருந்த நோய்தான் என்றது நிர்வாகம். உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. எலி ஒழிப்பு வேலை ஒரு கம்பெனிக்குக் காண்டிராக்ட் விடப்பட்டிருந்தது. காகிதத்தில் எலி ஒழிப்பு நடந்துகொண்டுதான் இருந்தது. செய்தியைப் படித்த அன்று என் மனைவி சாப்பிடவில்லை. எனக்கு ஞாபகம் வந்தது அந்த 14 ஸ்ட்ரெச்சர்.

எங்கள் ஊர்ச் சமிதியின் அடுத்த கூட்டத்துக்கு முன் இன்னொரு தடவை பதிவேடுகளைப் பார்க்கப் போகிறேன். இந்த முறை பூச்சி, எலி ஒழிப்பு பில்களையும் மருந்து இருப்புப் பதிவேட்டையும் கேட்டிருக்கிறேன். தனியாகப் போவதைவிட இரண்டு பேர் கூட வந்தால் எண்ணுவது சுலபம்; இந்தி நன்றாகப் படிக்கத் தெரிந்த கல்லூரிப் பிள்ளைகள் வந்தால் மிக நல்லது. மனுவின் இந்தி மாதிரியைச் சங்க நூலகத்தில், செய்தித்தாள் மேஜைக்குப் பக்கத்து அலமாரியில் வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, மூலப் பிரதியைத் திருப்பி வைத்துவிடவும்.