மாட்டுக்கு எத்தனை வயிறு?

நம் குழுக்களில் கறவை மாட்டுக் கடன் வாங்காத குழு அபூர்வம். மடி பார்த்து, சுழி பார்த்து, பல் பார்த்து மாடு பிடிக்கிறோம். வயிற்றைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. கல்யாண வீட்டில் மிஞ்சின சோற்றை அண்டாவோடு கொட்டுவார்கள். மறுநாள் மாடு எழுந்திருக்காது. "கண்ணு பட்டுடுச்சு" என்பார்கள். கடன் தவணை மட்டும் நிற்காது. அதனால் இந்த மாதம் மாட்டின் வயிற்றுக்குள் போய்ப் பார்ப்போம்.

முதலில் செல். செடி, மாடு, மனுஷர் எல்லாருடைய உடம்பும் கண்ணுக்குத் தெரியாத செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லுக்கும் உயிர் உண்டு. அது சத்தை எடுக்கும், கழிவைத் தள்ளும், இரண்டாகப் பிரியும். ஒரே ஒரு செல்லோடு வாழும் உயிர்களும் உண்டு. நம் வீட்டுப் பாலைத் தயிராக்குவது அவைதான்.

வைக்கோலில் இருக்கும் நாரை மாட்டின் செல்களால் கரைக்க முடியாது. நம்மாலும் முடியாது. மாட்டுக்காக அதைச் செய்வது முதல் வயிற்றில் குடியிருக்கும் ஒற்றைச் செல் உயிர்கள். அங்குள்ள சாற்றில் ஒரு மில்லி எடுத்தால் அதிலேயே சுமார் 1,000 கோடி இருக்கும்! வயிறு ஒன்றுதான், அறைதான் நாலு. இடது பக்கம் இருக்கும் பெரிய அறை வளர்ந்த மாட்டில் 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். இரண்டாவது தேன்கூடு மாதிரி இருக்கும். ஆட்டுக் குடல் சுத்தம் செய்தவர்கள் பார்த்திருப்பீர்கள். மாடு விழுங்கின ஆணி, கம்பி இங்கேதான் தங்கும். பக்கத்திலேயே இதயம் இருப்பதால் குத்தினால் ஆபத்து. மூன்றாவது ஏடு ஏடாக இருந்து தண்ணீரை உறிஞ்சும். நாலாவதுதான் நம் வயிறு போல அமிலம் சுரக்கும்.

மாடு ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் அசை போடுகிறது. அப்போது ஊறும் எச்சிலில் சோடா உப்பு இருக்கிறது. அதுதான் வயிற்றைப் புளிக்காமல் காக்கிறது. சோறு, கஞ்சி, அரிசி மாவு திடீரென்று நிறையப் போனால் என்ன ஆகும்? மெல்ல வேண்டியதில்லை, எச்சிலும் ஊறாது. மாவுச்சத்தைத் தின்னும் கிருமிகள் மட்டும் மளமளவென்று பெருகி அமிலத்தைக் கொட்டும். நாரைக் கரைக்கும் உயிர்கள் செத்துப்போகும். ரத்தத்தில் உள்ள தண்ணீர் வயிற்றுக்குள் இறங்கும். கண் குழி விழும், புளிச்ச வாடையோடு கழியும், மாடு தள்ளாடிப் படுத்துவிடும்.

அசை போடுவதை நிறுத்தினாலே சந்தேகப்படணும். இடது பக்கம் விலாவுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி வையுங்கள். நல்ல மாட்டுக்கு இரண்டு நிமிஷத்தில் இரண்டு மூன்று தடவை வயிறு உருண்டு கையைத் தள்ளும். தள்ளவில்லை என்றால் அன்றைக்கே கால்நடை மருத்துவரைக் கூப்பிடணும்; தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணுக்குப் பேசலாம். அவர் வருவதற்குள் வாயைப் பிளந்து எண்ணெய் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். தீவனம் மாற்றுவதாக இருந்தால் பத்து நாளாவது எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றலாம்.

கன்றுக்குக் கதையே வேறு. பிறந்த கன்றின் முதல் வயிறு சின்னது, வேலை செய்யாது. குடிக்கும் பால் ஒரு வாய்க்கால் வழியாக நேரே நாலாவது வயிற்றுக்குப் போய்விடும். பசும்புல்லையும் காய்ந்த புல்லையும் கடித்துப் பழகப் பழகத்தான் முதல் வயிறு வளரும்.