கடல் மணலில் ஒரு வேட்டைக்காரன்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்

முன்னுரை

அரசலாறு கடலோடு கலக்கும் காரைக்கால் கடற்கரைக்கு மாலையில் காற்று வாங்கச் செல்வோர் பலர். சித்திரை மாத நண்பகலில் செல்வோர் சிலரே. மணல் காலைப் பொசுக்கும் அந்த நேரமே புலிவண்டின் வேட்டை நேரம். நாம் நெருங்கினால் சட்டென எழுந்து, சில அடி தூரம் பறந்து, மீண்டும் மணலில் அமரும்.

பெயரும் வரலாறும்

இந்தியாவில் 200க்கும் மேற்பட்ட புலிவண்டு இனங்கள் உள்ளன. அவற்றுள் இந்திய, இலங்கைக் கடற்கரை மணலுக்குரியது ஹைபேதா பைரமோசா. இதற்கு 1781இல் பெயரிட்டவர் பெப்ரிசியஸ். 'பைரமோசா' என்றால் இரு கிளையுடையது என்று பொருள். அதன் முன்சிறகில் உள்ள வெண்பட்டை கிளை விட்டிருக்கும்.

பெப்ரிசியஸ் லின்னேயஸின் மாணவர். அவருடைய மற்றொரு மாணவரான கோனிக், நமக்கு வடக்கே டேனியர் வசமிருந்த தரங்கம்பாடிக்கு 1768இல் மருத்துவராக வந்தார். அவர் சேகரித்து அனுப்பிய பூச்சிகள் பலவற்றுக்குப் பெப்ரிசியஸே பெயர் சூட்டினார். பூச்சியியலின் தொடக்க ஏடுகளில் நம் கரைக்கும் பங்குண்டு என்பதை அறிந்து நான் பெருமிதம் கொண்டேன்.

ஓட்டமும் வெப்பமும்

ஆஸ்திரேலியப் புலிவண்டு ஒன்று நொடிக்கு 2.5 மீட்டர் ஓடுகிறது. இவ்வளவு வேகத்தில் ஓடும்போது இரையின் உருவம் கண்ணுக்குச் சரியாகப் புலப்படாது. எனவே புலிவண்டுகள் ஓடி, நின்று, பார்த்து, மறுபடி ஓடுகின்றன. நீண்ட கால்களை ஊன்றி உடலை மணலிலிருந்து உயர்த்திக்கொள்வதால் தரையின் சூடு அவற்றைத் தாக்குவது குறைகிறது. வெயில் மிகும்போது ஈரமணலையோ நிழலையோ நாடும்.

வளைக்குள் புழு

வண்டு ஓடிப் பிடிக்கும். புழுவோ காத்திருந்து பிடிக்கும். செங்குத்தான வளையின் வாயைத் தன் தட்டையான தலையால் மூடிக்கொண்டு, அருகில் வரும் எறும்பைத் தாடைகளால் கவ்வி உள்ளே இழுக்கும். அதன் முதுகிலுள்ள திமிலும் கொக்கிகளும் வளைச் சுவரைப் பற்றிக்கொள்வதால், இரை திமிறினாலும் புழு வெளியே வந்துவிடாது.

நாம் செய்யக்கூடியது

வண்டுக்கு ஆபத்து வந்தால் பறந்துவிடும். புழுவுக்கு அந்த வசதி இல்லை. மணலை அள்ளினாலும், வண்டிகளை ஓட்டினாலும் வளையோடு அழியும். அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் பரவலாக இருந்த ஒரு புலிவண்டு இவ்வாறே பல இடங்களில் மறைந்தது. 1990இல் அந்நாட்டு அரசு அதை அழியும் அபாயத்திலுள்ள உயிரினப் பட்டியலில் சேர்த்தது.

இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. விலங்கியல் மாணவர்களாகிய நாம் கரையில் 100 அடி நீளமுள்ள ஓரிடத்தைக் குறித்துக்கொண்டு, மாதம் ஒருமுறை வண்டுகளையும் வளைகளையும் எண்ணி ஒரே ஏட்டில் எழுதி வரலாம். நாம் படிப்பு முடித்துச் செல்லும்போது அந்த ஏட்டை அடுத்த வகுப்பினரிடம் ஒப்படைக்கலாம்.

முடிவுரை

10 ஆண்டுக் கணக்கு கையில் இருந்தால், எண்ணிக்கை குறைகிறதா என்பதை யாரையும் கேட்காமல் நாமே சொல்ல முடியும். கணக்கில்லாத உயிர் மறைந்தால் மறைந்தது என்று சொல்லக்கூட ஆள் இராது. வரும் சித்திரையிலேயே எண்ணத் தொடங்குவோம் என்பது சக மாணவர்களுக்கு என் வேண்டுகோள்.