வியர்க்கட்டும், பயப்படாதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுகிறேன். நேற்று உன் அப்பாவிடம் வெகுநேரம் பேசினேன். "மாடிப்படி ஏறவே விடறதில்லைக்கா, தண்ணி பாட்டில்கூட நாங்கதான் எடுத்துக் குடுக்கறோம்" என்றான். அவன் உன்மேல் உயிரையே வைத்திருக்கிறான், எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பாசமே உன்னை நாற்காலியோடு கட்டிப் போட்டுவிடக் கூடாது. போனில் இதைச் சொல்ல ஆரம்பித்தால் ஆளுக்கொரு பக்கம் பேசுவார்கள், அதனால் எழுதுகிறேன்.

நரம்பு நோயாளிகளுக்கு பிசியோதெரபி கொடுத்தே என் உத்தியோகக் காலம் முழுவதும் போனது. நான் படித்த நாளில், உனக்கு இருப்பது போல எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்) வந்தவர்கள் உடம்பை அலட்டிக்கொள்ளக் கூடாது என்பதுதான் பாடம். அந்தப் பாடத்துக்குப் பின்னால் ஒரு பழைய கதை உண்டு. 1890-ல் வில்ஹெல்ம் ஊட்டோஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர், எம்.எஸ். உள்ள சிலருக்கு உடம்பை வருத்தி வேலை செய்தால் பார்வை மங்குவதையும், ஓய்வெடுத்தால் தெளிவதையும் எழுதி வைத்தார். அவர் கண்டது உண்மைதான். உழைப்பால் வந்த களைப்பே அதற்குக் காரணம் என்று அவர் நினைத்தார். உடம்பின் சூடுதான் காரணம் என்பது பின்னால்தான் தெளிவானது. மயலின் உறை தேய்ந்துபோன நரம்பு, ரப்பர் உரிந்த ஒயர் மாதிரி. உடம்பு சற்றுச் சூடானாலும் அதில் தகவல் ஓடுவது தடுமாறும். உடம்பு குளிர்ந்தால் பழையபடி ஓடும். ஸ்கேன் வராத காலத்தில் நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைத்து, அறிகுறி கூடுகிறதா என்று பார்த்துத்தான் எம்.எஸ்.ஸைக் கண்டுபிடிப்பார்கள்.

மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து மத்தியான வெயிலில் நடந்து வந்தபோது இடது கண் புகை மூட்டமாகிவிட்டது என்று அழுதாயே, அது இதுதான். அந்த நேரத்தில் உன் நரம்பில் புதிதாக எதுவும் சிதையவில்லை. வீட்டுக்கு வந்து முகம் கழுவி, மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்ததும் சரியாகிவிட்டதென்று நீயே சொன்னாய். பார்வை மங்கியது உனக்கு நிஜமான பயம்தான், அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் சூட்டில் அறிகுறி தலைகாட்டுவது வேறு, நோய் முற்றுவது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணித்தான் பல தலைமுறை நோயாளிகளைப் படுக்க வைத்தார்கள்.

அந்த எண்ணத்தை அசைத்தது 1996-ல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வு. எம்.எஸ். உள்ள 54 பேர். ஒரு பாதிப் பேர், கையாலும் காலாலும் மிதிக்கும் சைக்கிளில், வாரம் மூன்று நாள், நாளுக்கு 40 நிமிடம், 15 வாரம் பயிற்சி செய்தார்கள். உடம்பு அதிகபட்சமாக எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்று அளந்தபோது அவர்களுக்கு 22 சதவீதம் கூடியிருந்தது. பிறகு வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும், பயிற்சி செய்தவர்களுக்கு நோய் திரும்பத் தாக்குவது கூடவில்லை. உன் அப்பாவுக்கு இந்தக் கடைசி வரியைப் படித்துக் காட்டு.

இனி, நீ அப்பாவிடம்கூடச் சொல்லாமல் என்னிடம் மட்டும் சொன்னதற்கு வருகிறேன். மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போது தினமும் சொல்கிற வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிடுகிறது, ஒரே கணக்கை மூன்று தடவை சரிபார்க்க வேண்டியிருக்கிறது, எனக்கு மூளை போய்க்கொண்டிருக்கிறதா அத்தை என்று கேட்டாய். இல்லை, கண்ணு. உன் அறிவு எங்கேயும் போகவில்லை. எம்.எஸ்.ஸில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் இது வரும். பெரும்பாலும் குறைவது வேகம்தான். ஒன்பது குறிகளுக்கு ஒன்பது எண்களைக் காட்டி, குறியைப் பார்த்து எண்ணைச் சொல்லச் சொல்லி 90 விநாடி ஓடும் ஒரு சோதனை உண்டு. அடுத்த முறை நரம்பியல் டாக்டரைப் பார்க்கும்போது அதை எடுக்கச் சொல். இப்போதே ஓர் எண் பதிவாகிவிட்டால், வருடா வருடம் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மனதுக்குள் வைத்துக் குமைவதைவிட அது எவ்வளவோ மேல்.

மூளை சுருங்குவது பற்றி இணையத்தில் படித்துவிட்டுத் தூங்காமல் இருந்ததாகச் சொன்னாய். மறைக்க மாட்டேன். எல்லாருடைய மூளையும் வருடத்துக்கு 0.1 முதல் 0.3 சதவீதம் சுருங்குகிறது. சிகிச்சை பெறாத எம்.எஸ்.ஸில் அது 0.5 முதல் 1.35 சதவீதம். இதைத் தடுப்பதில் முதல் வேலை உன் மருந்துக்குத்தான். அதை ஒரு நாளும் விடாதே. பயிற்சி அதற்கு மாற்று என்று யாராவது சொன்னால் அந்த ஆளிடம் பேச்சே வைத்துக்கொள்ளாதே.

பயிற்சி மூளைக்கு என்ன செய்யும்? நம்பிக்கையோடு தொடங்குகிறேன். அமெரிக்காவில் 120 முதியவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்து 2011-ல் வெளியிட்டார்கள். ஒரு வருடம் வேகநடை நடந்தவர்களுக்கு, நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதி 2 சதவீதம் வளர்ந்திருந்தது. அந்த வயதில் சுருங்க வேண்டிய பகுதி அது. எம்.எஸ்.ஸில் முதலிலேயே அடிபடும் இடங்களில் அதுவும் ஒன்று என்பதால் எங்களைப் போன்றவர்களுக்கு அந்தச் செய்தி அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. 2014-ல் நியூ ஜெர்சியில், எம்.எஸ். உள்ள ஒருவரை மூன்று மாதம் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். ஹிப்போகேம்பஸ் 16.5 சதவீதம் பெருத்தது, நினைவாற்றல் பாதிக்கு மேல் கூடியது என்று செய்தி வந்தது. நீ எனக்கு அனுப்பிய வீடியோவில் ஆர்ப்பாட்டமாகச் சொல்வது இதைத்தான். மிதித்தவர் ஒரே ஒருவர், ஒப்பிட இன்னொருவர் என்பதை அவர்கள் சொல்வதில்லை. அதை வைத்து உனக்கு ஒரு வாக்குறுதி கொடுக்க எனக்கு மனம் வராது.

பெரிய அளவில் செய்தபோது வந்த பதில் நிதானமானது. டென்மார்க்கில் 86 பேர், 24 வாரம், மூச்சு வாங்க வைக்கும் கடுமையான பயிற்சி. 2021-ல் முடிவு வெளியானது. மூளையின் மொத்த அளவு சுருங்குவதில் மாற்றம் தெரியவில்லை. ஆனால் உடற்தகுதி கூடியது, நோய் திரும்பத் தாக்குவதும் பயிற்சிக் குழுவில் குறைவாக இருந்தது. ஆறு நாடுகளில் 311 பேரோடு, டொராண்டோவின் அந்தனி ஃபைன்ஸ்டைன் தலைமையில் நடந்த ஆய்வு 2023-ல் வந்தது. அவர்களுக்கு இருந்தது, விட்டுவிட்டுத் தாக்கும் உன் வகை இல்லை, படிப்படியாக முற்றும் வகை. மூளைப் பயிற்சியையும் உடற்பயிற்சியையும் 12 வாரம் சேர்த்துக் கொடுத்தால், தனித்தனியாகக் கொடுப்பதைவிடச் சிந்தனை வேகம் அதிகமாகக் கூடுமா என்று பார்த்தார்கள். அப்படிக் கூடவில்லை. பெயருக்கு ஏதோ கொடுக்கப்பட்ட குழுவிலும்கூட நிறையப் பேருக்கு முன்னேற்றம் தெரிந்தது. வாரம் தவறாமல் வீட்டை விட்டுக் கிளம்பி வந்ததும், நாலு பேரோடு பழகியதுமே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று நான் நினைக்கிறேன்.

இவ்வளவையும் எதற்குச் சொல்கிறேன் என்றால், மூளை வளரும் என்ற ஆசையில் நீ சைக்கிளில் ஏறினால், ஆறு மாதம் கழித்து ஸ்கேன் மாறவில்லை என்று இறங்கிவிடுவாய். இதயம் பலப்படுவது, களைப்பு குறைவது, மனச்சோர்வு தளர்வது, தூக்கம் வருவது, இவை ஸ்கேனுக்குக் காத்திருப்பதில்லை. சோர்வும் தூக்கமின்மையும் நீங்கினாலே உன் தொண்டையில் நிற்கும் வார்த்தைகளில் பாதி தானாக வந்துவிடும். அதற்காக ஏறு.

எப்படி என்று கேட்பாய். பால்கனியில் துணி காயப் போடும் அந்த உடற்பயிற்சி சைக்கிளை உள்ளே கொண்டு வா. கனடாவில் எம்.எஸ். உள்ளவர்களுக்கென்றே 2013-ல் ஒரு வழிகாட்டி வகுத்தார்கள். மிதமான வேகத்தில் வாரம் இரண்டு நாள், நாளுக்கு 30 நிமிடம், அதோடு தசைக்குப் பலம் தரும் பயிற்சி இரண்டு நாள். நீ முதலில் பத்து நிமிடத்தில் தொடங்கினால் போதும். வாட்ச் காட்டும் இதயத்துடிப்பை நம்பாதே. எம்.எஸ்.ஸில் சிலருக்கு உழைப்புக்குத் தகுந்தபடி துடிப்பு ஏறாது, சில மாத்திரைகளும் அதைக் குறைக்கும். மிதித்துக்கொண்டே என்னோடு போனில் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. அந்த வேகம்தான் உனக்கு.

விடிகாலையில் செய். மேசை மின்விசிறியைப் பக்கத்தில் வை. ஏறுவதற்கு முன் குளிர்ந்த தண்ணீர் ஒரு டம்ளர் குடி, கழுத்தில் நனைத்த துண்டைப் போட்டுக்கொள். மே மாதத்தில் ஏ.சி. அறையில்தான், மின்கட்டணம் பற்றி அப்பா வாயைத் திறக்கக் கூடாது. களைத்தால் வலது பாதம் தொங்குகிறது என்றாயே, அந்தக் காலை பெடலோடு பட்டியால் சேர்த்துக் கட்டு. நழுவி விழுவதுதான் எனக்குக் கவலை, வியர்ப்பது இல்லை.

கண் மங்கினால் நிறுத்து, குளிர்ந்ததும் தெளிகிறதா என்று பார். பொதுவாகச் சிறிது நேரத்தில் தெளிந்துவிடும். புதிய மரத்துப்போதலோ பலவீனமோ 24 மணி நேரத்தைத் தாண்டினால் டாக்டருக்குச் சொல்லிவிட வேண்டும். காய்ச்சலோ சிறுநீர் எரிச்சலோ இருக்கும் நாளில் சைக்கிள் பக்கமே போகாதே. நோய் தாக்கி ஸ்டீராய்டு ஏற்றிய பிறகு, பழைய இடத்திலிருந்து தொடராமல் மறுபடியும் பத்து நிமிடத்திலிருந்து வா. அப்போது உனக்கு எரிச்சலாக இருக்கும், எனக்குப் போன் போடு.

தொடங்குவதற்கு முன் உன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு. சனிக்கிழமை காலை வீடியோவில் வருகிறேன். சைக்கிள் சீட்டின் உயரத்தைச் சரிபார்க்க வேண்டும், பாதத்தைப் பட்டியில் எப்படிக் கட்டுவது என்று அப்பாவுக்குக் காட்டிக் கொடுக்க வேண்டும். அவனையும் பக்கத்தில் உட்காரச் சொல்.

அன்புடன்,
அத்தை